மூட்டுவலிக்குச் சாட்சி சொல்லும் ரத்தம்

திருவண்ணாமலை நடக்கும் ஊர். பௌர்ணமி தோறும் லட்சக்கணக்கான மக்கள் வெறுங்காலோடு 14 கிலோமீட்டர் மலையைச் சுற்றி வருகிறார்கள். ஊரை ஒட்டி வேலூர் சாலையில் இருக்கும் வேங்கிக்காலுக்கோ மலை சுற்றும் நாள் மட்டும் நடை என்பதில்லை. ஒரு காலத்தில் வயலும் ஏரியுமாக இருந்த அந்த இடத்தில் இன்று கலெக்டர் ஆபீஸ் நிற்கிறது. மனுக் கொடுக்க வருவோரும், வேலைக்குப் போவோரும், சுற்றுக் கிராமங்களில் நாற்று நடவும் கடலை பிடுங்கவும் போவோரும் காலையில் அந்தச் சாலையில் கலந்து செல்வதைக் காணலாம்.

இவ்வளவு நடக்கிற ஊரில் முழங்கால் வலி என்று சொல்லாத வீடு உண்டா? "வயதானால் வரத்தான் செய்யும்" என்று பாட்டிமார் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு படுத்து விடுகிறார்கள். ரமண மகரிஷிக்கே பிற்காலத்தில் முழங்காலில் வாத உபாதை இருந்தது; கைத்தடியின் துணையோடுதான் நடந்தார். ஆகவே மூட்டுவலியை யாரும் பெரிதாக நினைப்பதில்லை.

ஆனால் மூட்டுவலியில் இரண்டு பெரும் ஜாதிகள் உண்டு. ஒன்று, தேய்மானத்தால் வருவது. வயது ஏற ஏற, எடை கூடக் கூட, மூட்டின் குருத்தெலும்பு தேய்ந்து வலி எடுக்கும். மற்றொன்று, உடம்பின் காவற்படையே உடம்பின் மீது பாய்வதால் வருவது. கிருமிகளை விரட்ட வேண்டிய ரத்த அணுக்கள், மூட்டின் உட்புறச் சவ்வைப் பகைவன் என்று எண்ணித் தாக்குகின்றன. சவ்வு வீங்குகிறது; வீங்கிய சவ்வு எலும்பையே அரிக்கத் தொடங்குகிறது. சரவாங்கி என்றும் முடக்குவாதம் என்றும் சொல்லப்படும் நோய் இந்த இரண்டாம் ஜாதியில் தலையாயது. இது கிழப்பருவத்துக்காகக் காத்திருப்பதில்லை. முப்பது, நாற்பது வயதுப் பெண்களையும் பிடித்துக்கொள்ளும். ஆண்களைவிடப் பெண்களுக்கே இது ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம்.

நம் நாட்டில் இது அபூர்வமான நோயும் அன்று. டில்லிக்கு அருகே பல்லப்கட் கிராமங்களில் டாக்டர் மாளவியா குழுவினர் நடத்தி 1993-ல் வெளியிட்ட கணக்கெடுப்பில், வயது வந்தவர்களில் 0.75 சதவீதம் பேருக்கு இந்த நோய் இருந்தது. மகாராஷ்டிரத்தில் பிக்வான் கிராமத்தில் டாக்டர் அரவிந்த் சோப்ரா குழுவினர் எடுத்த கணக்கு 0.5 சதவீதம். அதாவது, ஆயிரம் பேரை எடுத்தால் ஐந்திலிருந்து எட்டுப் பேர்.

மூன்று கேள்விகள்

இரண்டு பெண்களைக் கற்பனை செய்துகொள்வோம். இருவருக்கும் வயது முப்பத்தெட்டு. இருவருக்கும் விடியற்காலையில் விரல்கள் மடங்குவதில்லை. துணி பிழியவும் முடிவதில்லை, பால் கறக்கவும் முடிவதில்லை. டாக்டர் இருவருக்கும் ஒரே மாத்திரையை எழுதித் தருகிறார். மூன்று மாதம் கழித்து ஒருத்தி வயலில் இருக்கிறாள். மற்றவள் படுக்கையில் இருக்கிறாள். நோய் ஒன்று, மருந்து ஒன்று, பலன் மட்டும் ஏன் வேறு?

இந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் உலகெங்கும் வைத்திய விஞ்ஞானிகள் ரத்தத்தையும், சிறுநீரையும், மூட்டுச் சவ்வையும் துருவிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் தேடும் பொருளுக்கு 'பயோமார்க்கர்' என்று பெயர். தமிழில் அடையாளப் பொருள் எனலாம். நெருப்பைப் பார்க்கா விட்டாலும் புகையைக் கண்டு நெருப்பு இருப்பதை அறிகிறோம் அல்லவா? அதுபோல, உடம்புக்குள் நடப்பதை வெளியே தெரிவிக்கும் சாட்சி அது.

இந்தச் சாட்சியிடம் டாக்டர் கேட்கும் கேள்விகள் மூன்று. இது என்ன நோய்? இப்போது அது எவ்வளவு உக்கிரமாக இருக்கிறது? இந்த நோயாளிக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளும், எது ஆகாது? முதல் இரண்டு கேள்விகளுக்கு ஓரளவு விடை கிடைத்துவிட்டது. மூன்றாவதில்தான் போராட்டம்.

ஆட்டு ரத்தமும் தர்ப்பூசணியும்

முதல் கேள்வியின் சரித்திரம் சுவையானது. நார்வே தேசத்து டாக்டர் எரிக் வாலர் ஆட்டின் ரத்த அணுக்களைக் கொண்டு ஒரு பரிசோதனை செய்துகொண்டிருந்தார். ஒரு நோயாளியின் ரத்தநீரைச் சேர்த்தபோது அணுக்கள் எதிர்பாராமல் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டன. அந்த நோயாளிக்கு முடக்குவாதம் இருந்தது. இதை அவர் 1940-ல் வெளியிட்டார். அப்போது உலக யுத்தம், கவனிப்பார் இல்லை. 1948-ல் அமெரிக்காவில் ஹாரி ரோஸ் என்பவர் குழுவினர் அதையே மறுபடி கண்டார்கள். இன்று லாபரட்டரிச் சீட்டில் 'ஆர்.ஏ. ஃபாக்டர்' என்று எழுதப்படுவது அந்தப் பொருள்தான்.

ஆனால் இந்தச் சாட்சி முழு நம்பிக்கைக்கு உரியது அல்ல. முடக்குவாத நோயாளிகளில் பத்தில் ஏழெட்டுப் பேரிடம் இது தென்படும். மீதிப் பேரிடம் தென்படாது. க்ஷயம், குஷ்டம் போன்ற நீடித்த தொற்று உள்ளவர்களிடமும், ஒரு நோயும் இல்லாத முதியோர் சிலரிடமும்கூட இது இருக்கும். ஆகவே 'ஆர்.ஏ. பாசிடிவ்' என்ற இரண்டு சொல்லைப் படித்துவிட்டு மனம் உடைந்து போவதும் தவறு; 'நெகடிவ்' என்று பார்த்துவிட்டு நிம்மதியாக வீட்டில் இருந்துவிடுவதும் தவறு.

அடுத்து வந்தது இன்னும் கூர்மையான சாட்சி. நம் புரதங்களில் ஆர்ஜினின் என்ற அமிலம் சில சமயம் சிட்ருலின் என்ற பொருளாக மாறுகிறது. தர்ப்பூசணிச் சாற்றிலிருந்து ஜப்பானியர் முதன்முதலில் பிரித்தெடுத்ததால் அந்தப் பழத்தின் விஞ்ஞானப் பெயரையொட்டியே சிட்ருலினுக்குப் பெயர் வந்தது. முடக்குவாதக்காரரின் ரத்தத்தில், இப்படி மாறிய புரதங்களைத் தாக்கும் எதிர்ப்பொருள்கள் இருப்பதை ஹாலந்து நாட்டு விஞ்ஞானிகள் 1998-ல் தெளிவாக்கினார்கள். இதுவே 'ஆன்டி-சி.சி.பி.' பரிசோதனை. அந்த நோய் இல்லாத நூறு பேரைச் சோதித்தால் ஏறக்குறைய 95 பேருக்கு 'இல்லை' என்று சரியாகவே சொல்லும். 2010-ல் அமெரிக்க, ஐரோப்பிய வைத்திய சங்கங்கள் வகுத்த இலக்கணத்தில் ஆர்.ஏ. ஃபாக்டரும் இதுவும் சேர்ந்தே இடம்பெற்றன.

வியப்பு என்னவென்றால், நோய் வருவதற்குப் பல வருஷங்கள் முன்பே இவை ரத்தத்தில் வந்து உட்கார்ந்திருக்கும். ஹாலந்தில், முன்பு ரத்ததானம் செய்து பின்னால் முடக்குவாதம் கண்ட 79 பேரின் பழைய ரத்தத்தை எடுத்துச் சோதித்தார்கள். ஏறக்குறைய பாதிப் பேரிடம் வலி தொடங்கு முன்பே அடையாளம் இருந்தது. புகை பிடிப்பது இந்த வகை நோய்க்கு வழி திறந்துவிடும் என்பதும் தெளிவாகியிருக்கிறது. பீடிப் பழக்கம் நுரையீரலை மட்டும் கெடுப்பதில்லை என்பதை இதிலிருந்து அறியலாம்.

தமிழ்நாட்டுக்கு இந்தப் பரிசோதனையால் வேறொரு பிரயோஜனமும் உண்டு. 2006-ல் சிக்குன்குனியா பரவியது பலருக்கும் நினைவிருக்கும். காய்ச்சல் நாலைந்து நாளில் விட்டது. மூட்டுவலியோ சிலருக்கு மாதக்கணக்கில் விடவில்லை. பார்வைக்கு அது முடக்குவாதம் போலவே இருக்கும். அப்படிப்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு ஆன்டி-சி.சி.பி. இருக்காது. கொசு தந்த வலி எது, உடம்பே வரவழைத்துக்கொண்ட வலி எது என்று பிரித்தறிய இது டாக்டருக்குக் கைகொடுக்கிறது.

நோயின் உக்கிரம்

இரண்டாம் கேள்விக்கு விடை சொல்லும் பரிசோதனைகள் சிறிய ஊர் லாபரட்டரிகளிலும் நடப்பவை. ஒன்று ஈ.எஸ்.ஆர். நீண்ட கண்ணாடிக் குழாயில் ரத்தத்தை நிறுத்தி வைத்து, ஒரு மணி நேரத்தில் சிவப்பு அணுக்கள் எத்தனை மில்லிமீட்டர் கீழே இறங்குகின்றன என்று அளப்பது. வெஸ்டர்கிரென் என்ற ஸ்வீடன் தேசத்து டாக்டர் 1921-ல் வகுத்த முறை இன்றும் நடக்கிறது. மற்றொன்று சி.ஆர்.பி. இது 1930-ல் நியூயார்க்கில் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் கண்டறியப்பட்டது. உடம்பில் எங்கே அழற்சி மூண்டாலும் கல்லீரல் இந்தப் புரதத்தை ரத்தத்தில் கொட்டும். அழற்சி தணிந்தால் சி.ஆர்.பி. விரைவில் இறங்கும், ஈ.எஸ்.ஆர். மெதுவாகத்தான் இறங்கும்.

லூப்பஸ் என்ற நோயில் வேறு சாட்சிகள் உண்டு. சி3, சி4 என்ற புரதங்கள் குறைந்து, டி.என்.ஏ.வைத் தாக்கும் எதிர்ப்பொருள் ஏறினால் சிறுநீரகத்துக்கு ஆபத்து நெருங்குகிறது என்று டாக்டர்கள் உஷாராகிறார்கள். அதிலும் மிகச் சிக்கனமான சாட்சி, சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்ப்பதுதான்.

வேலூரில் கண்ட பாடம்

ஆனால் சாட்சிகள் சில சமயம் பொய் சொல்லும். இதை நன்கு உணர்த்துவது, வேங்கிக்காலிலிருந்து அதே சாலையில் ஏறக்குறைய 80 கிலோமீட்டர் சென்றால் வரும் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியின் அனுபவம். டாக்டர் ஐடா ஸ்கடர் 1900-ல் ஒரே படுக்கையோடு தொடங்கிய அந்த ஆஸ்பத்திரியில் மூட்டுவாத நோய்களுக்கென்றே தனித்துறை உண்டு.

அங்கே தகயாசு நோய்க்காரர்கள் நிறைய வருகிறார்கள். ஜப்பானியக் கண் டாக்டர் மிகிட்டோ தகயாசு 1908-ல் விவரித்த நோய் அது. பெரும்பாலும் இளம் பெண்களைப் பிடிக்கும். மூட்டையல்ல, இருதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக் குழாய்களையே அது வீங்கவைத்து அடைக்கிறது. கையில் நாடி கிடைக்காது. விசித்திரம் என்னவென்றால், உள்ளே குழாய் வீங்கிக்கொண்டிருக்கும், ஈ.எஸ்.ஆரும் சி.ஆர்.பி.யும் சுகமாக இருக்கிறது என்று காட்டும்!

ஆகவே ரத்தச் சீட்டை மட்டும் நம்பாமல், நாடி, ரத்த அழுத்தம், வலி முதலியவற்றைக் கூட்டி மதிப்பெண் போடும் ஒரு முறையை இந்திய டாக்டர்கள் வகுத்தார்கள். வேலூரைச் சேர்ந்த டாக்டர் தேபாஷிஷ் தாண்டா, லக்னௌவைச் சேர்ந்த டாக்டர் மிஸ்ரா, இங்கிலாந்தின் டாக்டர் பால் பேக்கன் முதலியோர் சேர்ந்து செய்த 'இட்டாஸ் 2010' என்ற அந்த மதிப்பீடு 2013-ல் வெளியாயிற்று. நம் நாட்டு நோயாளிகளைக் கொண்டு நம் நாட்டில் பிறந்த அளவுகோல் என்பதால் இதற்குத் தனிப் பெருமை உண்டு.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. டொசிலிசுமாப் என்ற ஊசி மருந்து, கல்லீரலுக்குச் சி.ஆர்.பி.யை உண்டாக்கச் சொல்லும் இன்டர்லூகின்-6 என்ற தூதுவனின் வழியை அடைத்துவிடுகிறது. தூது நின்றுவிட்டதால் சி.ஆர்.பி. தானாகவே தாழ்ந்துபோகும். நோய் தணிந்ததால் தாழ்ந்ததா, மருந்து வாயைப் பொத்தியதால் தாழ்ந்ததா என்று சீட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. அப்போது ஸ்கேனும், டாக்டரின் கையும் கண்ணுமே துணை.

சென்னை மாணவர் தந்த வரம்

இனி மருந்துக்கு வருவோம். முடக்குவாதத்துக்கு இன்று உலகம் முழுவதும் முதலில் தரப்படும் மருந்து மெத்தோட்ரெக்சேட். இதன் பிறப்பில் சென்னை மருத்துவக் கல்லூரிக்குப் பங்கு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. பீமவரத்தில் 1895-ல் பிறந்து, சென்னையில் வைத்தியம் படித்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். கதர் உடுத்தி வந்த காரணத்தால் வெள்ளைக்காரப் பேராசிரியரின் அதிருப்திக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதில் எல்.எம்.எஸ். மட்டுமே பெற்றவர். பின்பு அமெரிக்கா சென்று, லெடர்லே கம்பெனியில் ஆராய்ச்சித் தலைவரானார். ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக உண்டாக்கியது அவர் குழு; அந்த ஃபோலிக் அமிலத்துக்கு எதிராக வேலை செய்யும் மெத்தோட்ரெக்சேட் வகை மருந்துகளை உண்டாக்கியதும் அதே குழு. ரத்தப் புற்றுநோய்க்காகப் பிறந்த மருந்து பின்னால் மூட்டுக்கு வந்தது. 1988-ல் அமெரிக்க அரசு அதை முடக்குவாதத்துக்கு அங்கீகரித்தது. சுப்பாராவ் அதைப் பார்க்கவில்லை, 1948-லேயே காலமாகிவிட்டார். இன்று நோயாளிகள் ஒரு நாள் மெத்தோட்ரெக்சேட்டும் வேறு நாள் ஃபோலிக் அமிலமும் விழுங்கும்போது, அவருடைய குழு கண்ட இரண்டு பொருள்களையுமே விழுங்குகிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு முறை மட்டும் சாப்பிட வேண்டிய மருந்து. தினசரி மாத்திரை என்று எண்ணிச் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. வாரத்தில் எந்தக் கிழமை என்பதைச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

மெத்தோட்ரெக்சேட் கேட்காதவர்களுக்கு அடுத்த கதவைத் திறந்தவரும் இந்தியாவில் பிறந்தவரே. லூதியானாவில் பிறந்த ரவீந்தர் மைனி, மார்க் ஃபெல்ட்மன் என்பவரோடு சேர்ந்து, டி.என்.எஃப். என்ற பொருளை அடக்கினால் முடக்குவாதம் அடங்கும் என்று லண்டனில் கண்டார். 1992-ல் முதல் நோயாளிகளுக்கு அந்த ஊசி போடப்பட்டது. அதன்பின் பல ஊசிகள் வந்தன. விலையோ ஏழைக்கு எட்டாத உயரம். ஹைதராபாத் கம்பெனி ஒன்று 2007-ல் ரிட்டுக்சிமாபுக்கும், ஆமதாபாத் கம்பெனி ஒன்று 2014-ல் அடாலிமுமாபுக்கும் நிகரான மருந்துகளை வெளியிட்ட பின் விலை இறங்கியது. ஆயினும் கூலிக்குப் போகும் குடும்பத்துக்கு இன்னும் அது பெரும் பாரமே. பலிக்காத ஊசிக்குப் பணம் கொட்டுவது யாருக்கும் கட்டுப்படியாகாது. யாருக்கு எது பலிக்கும் என்று முன்கூட்டியே தெரிந்தால் எவ்வளவு நன்மை!

மூட்டுச் சவ்வைப் படித்தல்

இந்த மூன்றாம் கேள்விக்குச் சில விடைகள் வந்திருக்கின்றன. ஆர்.ஏ. ஃபாக்டரோ ஆன்டி-சி.சி.பி.யோ உள்ளவர்களுக்கு, பி-அணுக்களை அழிக்கும் ரிட்டுக்சிமாப் கூடுதலாகப் பலிக்கிறது. அதற்கு மேலும் ஒரு படி போய்ப் பார்த்தார் லண்டன் பேராசிரியர் பிட்சாலிஸ். ஐரோப்பாவின் ஐந்து நாடுகளில் 164 நோயாளிகளின் மூட்டிலிருந்து ஊசியால் துளி சவ்வை எடுத்து, அதில் பி-அணுக்கள் நிறைய உண்டா, குறைவா என்று பிரித்தார்கள். முடிவு 2021-ல் வெளியாயிற்று. சவ்வின் மரபுச் செய்தியைப் படித்து, பி-அணு குறைவு என்று கண்டவர்களில், டொசிலிசுமாப் பெற்றோரில் 63 சதவீதம் பேருக்கு நோய் பாதியளவாவது தணிந்தது. ரிட்டுக்சிமாப் பெற்றோரில் 36 சதவீதம் பேருக்கே தணிந்தது. ஆனால் மைக்ராஸ்கோப்பில் மட்டும் பார்த்துப் பிரித்தபோது வித்தியாசம் 56-க்கு 45 என்று சுருங்கி, உறுதியாகச் சொல்ல முடியாததாகிவிட்டது. எதைப் பார்ப்பது என்பதைப் போலவே எப்படிப் பார்ப்பது என்பதும் முக்கியம் என்று இது காட்டுகிறது. எல்லா ஊர் ஆஸ்பத்திரியிலும் செய்யத்தக்க முறையாக இது இன்னும் ஆகவில்லை.

எது ஆகாது என்பதைச் சொல்லும் சாட்சிகளோ இப்போதே கைக்கு வந்துவிட்டன. அசதியோப்ரின் என்ற மருந்து, என்.யு.டி.டி.15 என்ற மரபணுவில் ஒரு மாற்றம் உள்ளவர்களின் வெள்ளை அணுக்களை ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடும், தலைமயிரும் கொட்டும். இதைக் கொரிய விஞ்ஞானிகள் 2014-ல் கண்டார்கள். இந்த மாற்றம் ஆசியாக்காரர்களிடம் அதிகம், ஐரோப்பியரிடம் அபூர்வம். மேல்நாட்டுப் புத்தகத்தை மட்டும் பார்த்து நம்மவருக்கு மருந்து அளக்க முடியாது என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

டி.என்.எஃப். ஊசிக்கும் ஒரு நிபந்தனை உண்டு. க்ஷயக் கிருமி பலருடைய உடம்பில் உறங்கிக் கிடக்கும். இந்த ஊசி காவலைத் தளர்த்துவதால் அது விழித்துக்கொள்ளக் கூடும். 2001-ல் இப்படி 70 பேருக்கு க்ஷயம் கண்டதாக அறிக்கை வந்தது. க்ஷயம் மலிந்த நம் நாட்டில் கேட்கவேண்டியதில்லை. ஊசிக்கு முன் மார்பு எக்ஸ்ரேயும், தோலில் போடும் மாண்டூ பரிசோதனையோ அதற்குரிய ரத்தப் பரிசோதனையோ செய்துகொள்வது அவசியம்.

காலம் பொன்னானது

இத்தனை சாட்சிகளுக்கும் முன்னால் நிற்பது காலம். நோய் தொடங்கிய முதல் சில மாதங்களில் சரியான மருந்து விழுந்தால் மூட்டு தப்பும். எலும்பு ஒரு முறை அரிக்கப்பட்டால் எந்த ஊசியும் அதைப் பழையபடி ஆக்காது. நம் பக்கத்தில் முதல் வருஷம் தைலத்திலும், இரண்டாம் வருஷம் வலி மாத்திரையிலும் போய்விடுகிறது. சிலர் ஸ்டீராய்டு மாத்திரையை மருந்துக் கடையில் தாங்களே வாங்கி விழுங்குகிறார்கள். வலி உடனே பறக்கும்; ஆனால் நாளடைவில் சர்க்கரை ஏறும், எலும்பு உளுக்கும், முகம் ஊதும். ஸ்டீராய்டு கெட்ட மருந்தல்ல. 1948-ல் அமெரிக்க டாக்டர் ஹென்ச் அதை முதன்முதலில் ஒரு முடக்குவாத நோயாளிக்குக் கொடுத்து, 1950-ல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். டாக்டர் அளந்து தரவேண்டியதை நாமே அளந்துகொள்வதுதான் கேடு.

அப்படியானால் யார் டாக்டரிடம் போகவேண்டும்? காலையில் எழுந்ததும் விரல்களோ மணிக்கட்டோ அரை மணி நேரத்துக்கு மேல் விறைத்திருந்தால். கைகால்களின் சிறு மூட்டுகள் இரு பக்கமும் வீங்கியிருந்தால். இது ஆறு வாரத்துக்கு மேல் நீடித்தால். வாலிபருக்கு இடுப்பு வலி, ஓய்வில் அதிகமாகி நடந்தால் குறைகிறது என்றாலும் அலட்சியம் கூடாது. 1973-ல் கண்டறியப்பட்டபடி, அத்தகைய தண்டுவட வாதம் உள்ளவர்களில் பெரும்பாலோரிடம் எச்.எல்.ஏ.-பி27 என்ற மரபு அடையாளம் இருக்கிறது.

முதற்படிக்கு வெகு தூரம் போகவேண்டியதில்லை. திருவண்ணாமலையிலேயே அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. மேற்கொண்டு வேண்டுமானால் வேலூர் இருக்கிறது. மூட்டுவாத வைத்தியத்தைத் தனித்துறையாக வளர்ப்பதில் நாட்டுக்கே முன்னோடியாக நின்ற சென்னை மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. போகும்போது பழைய ரத்தச் சீட்டுகள், சாப்பிட்ட மாத்திரைகளின் அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்ல வேண்டும். ஒரு நாள் எடுத்த ஒற்றைச் சீட்டைவிட, ஆறு மாதத்தில் எடுத்த நான்கு சீட்டுகள் டாக்டருக்கு அதிக விஷயம் சொல்லும். அடுத்த மருந்தை அவர் அவற்றைப் பார்த்துத்தான் எழுதுவார்.